ஐந்தாவது மாதிரி

சின்னமனூரில் காலை எட்டு மணிக்கு மேல் எந்தத் தெருவில் போய் நின்றாலும் நாகஜோதியின் குரல் காதில் விழும். வெங்காய ஆட்டோவில் கூவுவது அவள்தான். பழைய இரும்புக்குப் பிளாஸ்டிக் குடம் கொடுக்கிறவரின் வண்டியில் கூவுவதும் அவள்தான். போர்வைக்காரர், மலைப்பூண்டுக்காரர், கோலப்பொடிக்காரர் எல்லாருடைய வண்டியிலும் அவள்தான். உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று லோயர் கேம்ப் வரைக்கும் ஒலிக்கிற குரல். ஆனால் யார் குரல் என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது. மெட்ராஸில் யாரோ பேசி அனுப்புகிறார்கள் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள்யா என்று சண்டைக்கே போயிருக்கிறேன்.

ஒருநாள் அவள் வாசலில் வெங்காய ஆட்டோ நின்றது. அவள் பேரம் பேசுகிறாள். ஆட்டோக்காரர் விட்டுக் கொடுக்கவில்லை. 'மைக்குல சொல்ற வெலதான்க்கா, அதுக்குக் கீழ கட்டாது' என்று ஸ்பீக்கரைக் கை காட்டினாராம். அந்த விலையைச் சொல்லிப் பதிவு செய்து கொடுத்தவளே அவள்தான். அதைச் சொல்லாமல் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சொல்ல வேண்டியதுதானே என்று நான் கத்தினேன். 'சொன்னா நம்பவா போறாரு, விடுங்கண்ணே' என்று சிரித்தாள். அவளுக்கு ஊரில் பார்க்கிற ஆம்பிளை எல்லாருமே அண்ணன்தான்.

என் பெயர் சுருளிராஜன். மெயின் ரோட்டில் ஃபிளெக்ஸ் போர்டு டிசைன் செய்துகொண்டிருந்தேன். இப்போது வெப்சைட்டும் செய்கிறேன். திராட்சைத் தோட்டக்காரர், ஏலக்காய்க் கடைக்காரர், டியூஷன் வாத்தியார் என்று ஒரு முப்பது பேருக்குச் செய்து கொடுத்திருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சட்டென்று வரும். அது தெரிந்தும் போன தை மாதம் நாகஜோதி என் கடைக்கு வந்து, எனக்கொரு வெப்சைட் போட்டுக் கொடுங்கண்ணே என்று கேட்டாள்.

வந்த வேகத்திலேயே ஒரு தாளை நீட்டினாள். அதில் மேலே பெரிய எழுத்தில் 'கெங்குவார்பட்டி நாகஜோதி' என்று எழுதியிருந்தது. எனக்கு முதல் கோபம் அங்கேயே வந்தது. இருப்பது சின்னமனூரில், வேலை வருவது கம்பத்திலிருந்து, பெரியகுளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்ப் பெயரைப் போர்டில் போட்டால் எவன் தேடுவான்? கெங்குவார்பட்டியில் மொத்தமே நாலு லோடு ஆட்டோ ஓடுமா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. அந்த ஊர்ப் பேரை யாராவது கூகிளில் அடித்தால் நம்ம பக்கம் வருமா என்று மட்டும் கேட்டாள். வரும், வர வைக்கலாம் என்றேன். அப்படியென்றால் சரி என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த வெப்சைட்டைப் பார்க்க வேண்டிய ஆள் ஒருத்தர்தான்.

நாகஜோதிக்கு ஒன்பது வயதில் அப்பா சின்னக்கருப்பு இறந்துவிட்டார். அடுத்த வருடமே அம்மாவும் போய்விட்டாள். வளர்த்தது அண்ணன் தங்கப்பாண்டியன். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தலை பின்னிவிட்டு, சோறு கட்டிக் கொடுத்து, சைக்கிளில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். தங்கச்சி பிளஸ் டூ முடிக்கட்டும் என்று தன் கல்யாணத்தையே தள்ளிப் போட்டவர்.

அவளுக்குப் பத்தொன்பது வயதில் ஊர் அம்மன் கோயில் திருவிழா. மைக்செட் போட வந்தவர் சின்னமனூர் ராக்கையா. அறிவிப்புச் சொல்ல வேண்டிய ஆசிரியர் வரவில்லை. நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலை யார் வாசிப்பது என்று குழப்பம். தங்கப்பாண்டியன்தான் 'எந்தங்கச்சி வாசிப்பா' என்று அவளை மேடைக்கு அனுப்பினாராம். இரண்டு மணி நேரம் வாசித்தாள். ஊரே நிமிர்ந்து கேட்டது. அண்ணன் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் போய், அது யாரென்று தெரியுமா, யாரென்று தெரியுமா என்று கேட்டுக்கொண்டு திரிந்தாராம். மைக்கைச் சரி செய்து கொடுத்த ராக்கையாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு வருடம் கழித்து அவள் ராக்கையாவோடு வந்துவிட்டாள்.

அவர்கள் வேறு ஆட்கள், இவர்கள் வேறு ஆட்கள். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை, நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வைத்து அண்ணன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: 'இனி ஒன் வாசலுக்குக் கோடிச் சேலையோடதான் வருவேன்.'

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் இறந்துபோனால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அது வராமல் தூக்க மாட்டார்கள். அண்ணன் சொன்னதன் அர்த்தம் அதுதான். நீ செத்தால் வருவேன், அதற்கு முன்னால் வர மாட்டேன். சொன்ன மாதிரியே இருந்தார். பதிமூன்று வருடம். தீபாவளிக்கு ஒரு சேலை கிடையாது. அவள் மகள் அனுஷ்காவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி இல்லாமல் ராக்கையாவின் சிநேகிதர் ஒருவர் மடியில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு அவள் அழுத அழுகையை என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள். அண்ணன் நம்பர் அவளுக்கு மனப்பாடம். ஒருநாளும் அழுத்தியதில்லை. அவராக வர வேண்டும் என்று அவளுக்கு.

கிடக்கட்டும், வெப்சைட்டுக்கு வருகிறேன். பெயர் விஷயத்தில் ஒரு வழியாக 'நாகஜோதி குரல் பதிவு, சின்னமனூர்' என்று முடிவானது. கீழே அவளைப் பற்றிய பகுதியில் பிறந்த ஊர், அப்பா பெயர், முதன்முதலில் மைக் பிடித்த திருவிழா எல்லாம் அவள் சொன்னபடி போட்டேன். வியாபாரத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் முணுமுணுத்ததும் உண்மை. தொடர்புக்கு ஒரு படிவம். பெயர், ஊர், என்ன அறிவிப்பு வேண்டும் என்று மூன்று கட்டம், செய்தி எழுத ஒரு பெரிய கட்டம்.

அடுத்தது மாதிரிகள். வருகிறவர்கள் கேட்டுப் பார்க்க ஐந்து மாதிரி பேசிக் கொடு என்றேன். காய்கறி, பள்ளிக்கூடச் சேர்க்கை, ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, கோயில் திருவிழா, ஐந்தாவது இறப்புச் செய்தி. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு இன்னார் இயற்கை எய்தினார் என்று தெருத்தெருவாகச் சொல்லிப் போவது இங்கே வழக்கம். அவளிடம் தவறாமல் வருகிற வாடிக்கையாளர்கள் அமரர் ஊர்தி வைத்திருப்பவர்கள்தான். அந்த மாதிரி இல்லாமல் முடியாது.

அவள் பதிவு செய்கிற இடத்தைப் பார்த்தால் உங்களுக்குப் பாவமாக இருக்கும். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவாள். வியர்வை ஆறாக ஊற்றும். நாலு மாதிரி முடிந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர்வீட்டுச் சேவல் என்று ஒவ்வொன்றையும் ஏழெட்டுத் தடவை பேச வேண்டி வந்தது. ஐந்தாவதில் வந்து நின்றுவிட்டாள். யார் பெயரைச் சொல்வது?

ஏதாவது ஒரு பெயரைச் சொல் என்றேன். எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரில் இந்தப் பள்ளத்தாக்கில் பத்துப் பேர் உயிரோடு இருப்பார்கள், இருக்கிற மனுசரை எப்படிச் செத்துப்போனார் என்று வாய் கூசாமல் சொல்வது என்று கேட்டாள். பெயரே இல்லாமல் சொல் என்றேன். அது நல்லா இருக்காதுண்ணே என்றாள். ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரே மூச்சில் பேசி முடித்தாள். திருப்பிப் பேசவே இல்லை. சேவல்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டேன்.

"கெங்குவார்பட்டி, காலஞ்சென்ற சின்னக்கருப்பு அவர்களின் மகளும், தங்கப்பாண்டியன் அவர்களின் அன்புத் தங்கையும், சின்னமனூர் ராக்கையா சவுண்ட் சர்வீஸ் ராக்கையா அவர்களின் மனைவியுமான நாகஜோதி அவர்கள், இன்று காலை ஆறு மணியளவில் இயற்கை எய்தினார். அன்னாரது இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணியளவில்..."

தன் பெயரையே சொல்லியிருக்கிறாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்தவரைச் சாகடிக்க மனசு வரவில்லை, அதனால் தன்னைச் சாகடித்துக்கொண்டாளாம். கூறு கெட்டவளே என்று திட்டினேன். ராக்கையாவும் வேண்டாம் என்றுதான் சொன்னார். மாதிரிதானே, மாதிரி என்று மேலே எழுதிப் போடுங்க என்று முடித்துவிட்டாள். எழுதித்தான் போட்டேன். கொட்டை எழுத்தில் போட்டேன்.

வெப்சைட்டைத் திறந்து இரண்டு வாரம் ஆனது. மொத்தம் பதினொரு பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஆறு தடவை நான். கெங்குவார்பட்டியிலிருந்து யாராவது பார்த்தார்களா என்று தினமும் காலையில் போன் செய்வாள். ஊர்ப் பெயரெல்லாம் அப்படித் துல்லியமாகத் தெரியாது, எல்லாம் மதுரை, சென்னை என்றுதான் காட்டும் என்று தினமும் சொல்வேன். சரிண்ணே என்பாள். மறுநாள் காலையில் திரும்பக் கேட்பாள். திட்டவும் முடியவில்லை.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தப்பு என்னுடையது, அதை ஒளிக்கப் போவதில்லை. லிங்க்கை அனுப்பினால் நம் ஆட்கள் அமுக்கிப் பார்க்க மாட்டார்கள், ஆடியோவையே அனுப்பினால் கேட்பார்கள் என்பது என் தொழில் அனுபவம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து ஆடியோவையும், மேலே ஒரு விளம்பர வாசகமும் சேர்த்து, நான் இருக்கிற அத்தனை வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். திராட்சை விவசாயிகள் குரூப், ஆட்டோ ஸ்டாண்டு குரூப், பழைய மாணவர் குரூப் எதையும் விடவில்லை. ஐந்தும் ஒன்றாகத்தான் போகும் என்று நினைத்துவிட்டேன். எவனோ ஒரு புண்ணியவான் ஐந்தாவதை மட்டும் உருவி அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிட்டான். வெப்சைட்டில் எழுதியிருந்த மாதிரி என்கிற வார்த்தை ஆடியோவில் எங்கே இருக்கிறது?

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையில் உட்கார்ந்து போனைப் பார்த்தால் வரிசையாக 'ஆழ்ந்த இரங்கல்'. எங்கள் தெரு குரூப்பிலேயே ஒருத்தர் கும்பிடுகிற கை போட்டிருக்கிறார். வண்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் பறந்தேன். அங்கே ஒலி ஒளி அமைப்பாளர்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் மாலையோடு வந்து, வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நாகஜோதியைப் பார்த்து மிரண்டு நிற்கிறார்கள். ராக்கையா அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். "இது கெங்குவார்பட்டிக்குப் போயிருக்குமாண்ணே?" என்று கேட்டாள்.

போயிருக்கும் என்றேன். அண்ணன் நம்பர் உனக்குத்தான் தெரியுமே, உடனே கூப்பிட்டு உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லு என்றேன். போனை எடுத்தாள். பத்து எண்ணையும் அடித்தாள். பச்சைப் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது. நானும் ராக்கையாவும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். விரல் இறங்கவில்லை. அடித்த எண்களை அழித்துவிட்டு, பூண்டுக்காரருக்கு இன்றைக்குப் பேசிக் கொடுக்க வேண்டும் என்று போனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூப்பிடுகிறேன், நம்பரைச் சொல்லுங்கள் என்று ராக்கையாவிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அவ இஷ்டம்ணே" என்றார். நான் எல்லா குரூப்பிலும் மறுப்புப் போட்டேன். சாவுச் செய்தி போகிற வேகத்தில் மறுப்பு போகுமா?

ஒரு மணி வாக்கில் தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. முன்னால் இறங்கியவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது, அவளுடைய அதே நெற்றி. பின்னால் இரண்டு பங்காளிகள். கையில் மஞ்சள் பை. பந்தல் இல்லை, கொட்டுச் சத்தம் இல்லை, அழுகிற பெண்கள் இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. அழுது வீங்கிய கண். நேராக வாசலுக்கு வந்தார்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. வாங்கம்மா, வாங்க, கொடைக்கானல் மலைப்பூண்டு, தோல் உரிக்க லேசு, மணம் ஜாஸ்தி. தங்கப்பாண்டியன் அப்படியே நின்றார். பிறகு ராக்கையாவைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"செத்த வீட்டுல இத எதுக்குடா போட்டுருக்க? அமத்துடா."

உள்ளே குரல் ஒரு இருமல் இருமியது. சே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. மறுபடியும் முதலிலிருந்து வாங்கம்மா, வாங்க என்று ஆரம்பித்தது. தங்கப்பாண்டியன் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே அடிக்குழாய் ஓரமாகக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தவள் அவரைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் 'வாங்கண்ணே' சொல்கிறவள் அன்றைக்கு, "வாண்ணே" என்றாள். பதிமூன்று வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வேறு யாருக்கும் செலவழிக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே பேசினார்.

"தேனி வர்ற வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தேன். என்னைய வரவைக்கவா செத்த?"

நான் குறுக்கே விழுந்து, தப்பு என்னுடையது, மாதிரி, வெப்சைட், வாட்ஸ்அப் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. அவள் என்னைக் கையமர்த்தினாள்.

"செத்தது தெரியாம நடந்துபோச்சுண்ணே. ஒனக்குப் போன் போட்டுச் சொல்லாம இருந்தது தெரிஞ்சுதான். நீ வருவியான்னு பாக்கணும்போல இருந்துச்சு."

"எம் பேர எதுக்குச் சொன்ன அதுல?"

"ஒம் பேரச் சொல்றதுக்கு எனக்கு வேற எடம் எங்கண்ணே இருக்கு?"

அவள் உள்ளே ஓடி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கினார். குடிப்பாரா என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். குடிக்கவில்லை. முகத்தில் அடித்துக் கழுவினார். காலிச் சொம்பை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அனுஷ்கா கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வேனை நோக்கி நடந்தார். மஞ்சள் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று பங்காளிகளில் ஒருத்தர் சொன்னார். கோடி வீடு திரும்பக் கூடாதாம். ராக்கையாவின் வண்டி சீட்டில் அதை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு தெருப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முல்லையாற்றில் விட்டுவிடு, எரித்துவிடு, கோயிலில் போட்டுவிடு. நாகஜோதி பையைத் திறந்தாள். சுமங்கலிக்கு எடுக்கிற மாதிரி அரக்குக் கலர் சேலை, பச்சைக் கரை. எங்க அண்ணே எனக்குச் சேலை எடுத்துப் பதிமூணு வருசமாச்சு, இத எதுக்கு ஆத்துல விடணும் என்று கேட்டாள். மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டு மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள். அதை மறக்க முடியவில்லை.

"செத்தா வருவாக செத்தா வருவாகன்னு அத ஒண்ண வச்சுத்தாண்ணே இருந்தேன். அதுவும் இப்ப வந்துட்டுப் போயாச்சு. இனி நெசமாச் செத்தா யாரு வருவா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். வாயைக் கழுவு என்று கத்திவிட்டு வந்தேன். ஐந்தாவது மாதிரியை வெப்சைட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகுதான் வெப்சைட் ஓட ஆரம்பித்தது. செத்துப் பிழைத்த அம்மா யார் என்று தேடித் தேடிப் பார்த்தார்கள். படிவத்தில் ஆர்டர் வந்தது. போடியிலிருந்து, குமுளியிலிருந்து, வைகை அணைப் பக்கத்திலிருந்து எல்லாம் வந்தது. வெங்காய ஆட்டோக்காரர் வந்து, நீங்கதானாக்கா அது என்று கேட்டுவிட்டுக் கால் கிலோ சும்மா போட்டுவிட்டுப் போனார். ஊருக்கு அவள் பெயர் தெரிந்துவிட்டது. அவளோ தினமும் காலையில் எனக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டாள். அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எட்டு மணி ஆனால் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வைகாசி பிறந்த நாலாம் நாள் படிவத்தில் ஒன்று வந்து விழுந்தது. பெயர்: தங்கப்பாண்டியன். ஊர்: கெங்குவார்பட்டி. தேவை: கோயில் திருவிழா அறிவிப்பு. செய்திக் கட்டத்தில் ஒரு நலம் விசாரிப்புக் கிடையாது, தங்கச்சி என்ற வார்த்தை கிடையாது. சாட்டுதல் என்றைக்கு, பொங்கல் என்றைக்கு, முளைப்பாரி என்றைக்கு என்று வரிசையாக இருந்தது. கடைசி வரி இது: 'நம் ஊரில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்பிள்ளைகள் அனைவரும் குடும்பத்தோடு வந்து பொங்கல் வைத்து அம்மன் அருள் பெறும்படி கேட்டுக்கொள்கிறோம்.'

போனில் சொல்லவில்லை. கடையைப் பூட்டிவிட்டு நேரிலேயே போய்க் காட்டினேன். நின்றபடியே படித்தாள். இரண்டாவது தடவை உட்கார்ந்து படித்தாள். எழுந்து மெத்தைகளுக்கு நடுவில் போய்விட்டாள்.

இந்தக் கடைசி வரி புதுசில்லை. எல்லா ஊர்த் திருவிழா அறிவிப்பிலும் வருவதுதான். அவளே முப்பது ஊருக்குப் பேசியிருப்பாள். முப்பது ஊர்ப் பெண்பிள்ளைகளையும் பிறந்த ஊருக்கு வாங்க வாங்க என்று கூப்பிட்டவள். தன் சாவை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவள். அந்த ஒரு வரியை அன்றைக்குப் பதினோரு தடவை பேசினாள். 'பெண்பிள்ளைகள்' வரும்போதெல்லாம் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். பதினோராவது தடவையும் குரலில் லேசான நடுக்கம் இருந்தது. அதைச் சரி செய்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம்ணே, அப்படியே போகட்டும், அவுக கேக்கட்டும் என்றாள்.

அனுப்பி வைத்தோம். பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து என் கடைக்கு வந்து நின்றாள். எதையோ கேட்க வந்து, கேட்காமல், கீபோர்டைத் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு, அது ஊருக்குப் பொதுவாகப் போட்டதா, அதை எனக்கென்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்த மனிதர் மனசில் என்ன இருந்தது என்று எவனுக்குத் தெரியும்? ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒன் வாயாலயே ஒன்னையக் கூப்பிட்டிருக்காரு. இன்னும் வெத்தல பாக்கு வேற வச்சுக் கூப்பிடணுமாக்கும்?" என்று கத்தினேன்.

திருவிழாப் பொங்கல் அன்றைக்கு எனக்குத் தேனியில் பிரிண்டர் வாங்குகிற வேலை. சின்னமனூரிலிருந்து நாலு பேரும் ஒன்றாகத்தான் போனோம். தேனி பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. ராக்கையா தூக்குச் சட்டியில் பச்சரிசியும் வெல்லமும் வைத்திருந்தார். அனுஷ்கா புதுப்பாவாடை கட்டியிருந்தாள். நாகஜோதி அந்த அரக்குச் சேலைதான் கட்டியிருந்தாள். கிளம்பும்போது தெருவில் இரண்டு பேர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்ததை நானே பார்த்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

அங்கே போனால் என்ன ஆகும் என்று யாருமே பேசவில்லை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். ஊர் ஏதாவது சொல்லலாம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டே இருந்தாள். நான் கீழே நின்று, தண்ணீர் பாட்டில் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அவள் காதில் விழவில்லை.

கண்டக்டர் வந்தார். ராக்கையா பையில் கை விட்டார். அதற்குள் அவளே வாயைத் திறந்தாள். பள்ளத்தாக்கு முழுக்க ஆட்டோ ஆட்டோவாகக் கேட்கிற குரல் அது, மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெங்குவார்பட்டி, மூணு" என்றாள்.